ஊசி விழுங்கிய சலங்கை

அன்று நிலவறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். வயது பத்து.

மாமா. அம்மாவின் தம்பி. கல்யாணம் கட்டாமல் எங்களோடு இருந்தார். உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் தனக்குத் தெரியும் என்பார்.

கீழ்வீட்டுக்காரர். ஜெர்மன்காரர். எழுபது தாண்டியவர். துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் பழைய உறுப்பினர்.

அவருடைய நாய். அதற்குக் காது கேட்காது. இயந்திர இரைச்சலிலும் தூங்கியது.

அம்மா அங்கே இல்லை. மூன்றாம் மாடியில் சமைத்துக்கொண்டிருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

எங்கள் வீடு ஜெர்மனியில், ஹம் நகரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். கட்டடத்துக்குக் கீழே நிலவறை. நாங்கள் கெல்லர் என்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு தடுப்பு. எங்கள் தடுப்பில் அரிசி மூட்டையும் சைக்கிளும். கீழ்வீட்டுக்காரரின் தடுப்பில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு இயந்திரம்.

அவர் சங்கத்துக்குப் போய் இலக்குப் பலகையைச் சுடுவார். சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பித்தளைக் கோது. என் சின்ன விரலில் பாதி இருக்கும். வெடித்த புகையில் கறுத்துப் போயிருக்கும். அதைக் கழுவி, அளந்து, மறுபடி தானே வெடிமருந்து நிரப்புவார். கடையில் வாங்குவதைவிடத் தன் கையால் நிரப்பியதுதான் நேராகப் போகும் என்பார். நிரப்புவதற்கு அரசாங்க அனுமதி வைத்திருந்தார். அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மாமா ஒருநாள் அதைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "எனக்கு விசா தந்த கடுதாசியிலயும் இவ்வளவு முத்திரை இல்லை" என்றார்.

இயந்திரம் கழுவுவதற்கு. ரப்பர் பூசிய ஒரு உருளை. அதற்குள் கோதுகளைப் போடுவார். மேலே ஒரு கிண்ணம் எஃகு ஊசி. ஊசி என்றால் தைக்கிற ஊசி இல்லை. மெல்லிய கம்பியை அரிசி நீளத்துக்கு வெட்டிய துண்டு. பிறகு தண்ணீர். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு. எலுமிச்சைப் புளிப்புத் தூள் அரைக் கரண்டி. மூடியை முறுக்கிப் பூட்டி ஓடவிடுவார். உருளை சுற்றும். ஊசிகள் கோதின் உள்ளேயும் வெளியேயும் புகுந்து தேய்க்கும். இரண்டு மணித்தியாலத்தில் கறுப்புத் தண்ணீரும் தங்கம் போன்ற கோதுகளும் வெளியே வரும்.

நான் அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சலிக்கவில்லை.

இனிச் சலங்கை.

மறுநாள் ஞாயிறு. டோர்ட்முண்டில் வாணி விழா. நான் தனியாக ஆட வேண்டும். முதல் முறை காலில் சலங்கை கட்டி ஆடப் போகிறேன். சலங்கை ஸ்டுட்கார்ட்டில் இருந்து தபாலில் வந்தது. பெரியம்மாவின் மகள் கட்டி ஆடியது. அவர் ஆட்டத்தை விட்டுப் பல வருடம். அலுமாரிக்குள் கிடந்து பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஒரு காலுக்கு ஐம்பது மணி. இரண்டு காலுக்கும் நூறு.

நடன ஆசிரியை அதைப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"உந்தக் களிம்போட மேடைக்கு வராதையும். மினுக்கிக் கொண்டு வாரும். ஏலாட்டிச் சொல்லும், மற்றப் பிள்ளை ஆடுவா."

மற்றப் பிள்ளை முன்வரிசையில் நின்றாள். தன் சலங்கையை மெதுவாக ஒருதரம் தட்டினாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

அம்மா ஒரு கிண்ணத்தில் பழப்புளி கரைத்துத் தந்தார். பழைய பல் தூரிகை ஒன்றும் தந்தார்.

"ஒவ்வொண்டா தேய். சலங்கை சாமிக்குச் சமன். நிலத்தில வைக்காத. காலால தட்டுப்படாமப் பார்."

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலத்தில் ஏழு மணிகள் துலங்கின. விரல் நுனி வெளுத்துவிட்டது. மீதி தொண்ணூற்று மூன்று. கணக்கு எனக்கு வரும். படிப்பில் அது ஒன்றுதான் வந்தது. பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இன்னும் தேய்க்க வேண்டும்.

மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, புளியைத் தொட்டதுக்கு முகம் ஏன் புளிச்சுக் கிடக்கு?"

நான் கணக்கைச் சொன்னேன். மாமா கிண்ணத்தைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார்.

"கீழ மெஷின் ஓடுது" என்றார். "சலங்கையை எடு. கொம்மாவுக்குச் சொல்லாத."

கீழே போனோம். கீழ்வீட்டுக்காரர் உருளையை அப்போதுதான் ஓடவிட்டிருந்தார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வந்தார். பிறகு, எந்தப் பித்தளையும் இதில் துலங்குமா என்று ஜெர்மனில் கேட்டார். பித்தளை என்றால் துலங்கும் என்றார் அவர். மணி பன்னிரண்டு அடித்தது. அவர் சாப்பிட மேலே போனார். நாய் போகவில்லை.

"கேட்டாச்சு. ஓம் எண்டார்" என்றார் மாமா.

"சலங்கை எண்டு நீங்கள் சொல்லேல்லையே?"

"பித்தளை பித்தளைதானே."

மாமா இயந்திரத்தை நிறுத்தினார். சலங்கைத் தோலில் இருந்த நூலைப் பெட்டி வெட்டும் கத்தியால் அறுத்தார். மணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நான் தேய்த்த ஏழையும் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாடுபட்டதை உருளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மீதித் தொண்ணூற்று மூன்றையும் இரண்டு கையிலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. பிறகு கோதுகளுக்கு மேல் கொட்டினேன்.

மாமா மூடியை முறுக்கினார். உருளை சுற்றியது. முதலில் மணிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது குறைந்தது. பிறகு ஊசியும் தண்ணீரும் அரைபடுகிற சத்தம் மட்டும்.

"பார், அடங்கிட்டுது. நல்லா ஓடுது" என்றார் மாமா.

இரண்டு மணித்தியாலம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் வந்தார். கையில் எனக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக். இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, சல்லடையில் கொட்டினார். கோதுகளோடு மணிகளும் விழுந்தன. எல்லாம் ஒரே மஞ்சள். விளக்கடியில் கண் கூசியது. களிம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இது என்ன?" என்றார்.

"மணி" என்றேன். "நாளைக்கு நான் ஆடுகிறேன்."

அவர் கோபப்படவில்லை. ஒரு மணியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். சத்தம் இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. என்னிடம் தந்தார். நான் ஆட்டினேன். மணல் அடைத்த மாதிரி ஒரு முணுமுணுப்பு.

சலங்கை மணியின் அடியில் மெல்லிய வெட்டு ஒன்று இருக்கும். உள்ளே ஒரு சின்ன இரும்பு உருண்டை. அது உருண்டு அடித்தால்தான் சத்தம். எஃகு ஊசிகள் அந்த வெட்டால் உள்ளே போய்விட்டன. ஒரு மணியின் உள்ளே மூன்று, நான்கு ஊசி, சிலதில் பத்து. உருண்டை அசைய இடமில்லை.

ஊசி உள்ளே போகும்போது நேராகப் போகிறது. வெளியே வரும்போது குறுக்கே நிற்கிறது. இப்போது நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய உருளைகள் இருக்கின்றன. துளை உள்ள சாமானைப் போட முன் ஊசியின் தடிப்பை அளந்து பார்ப்பேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. அன்று கண்டதுதான்.

மாமா சட்டைக் கையை மடித்தார்.

"இது ஒரு வேலையே? தாரும் இங்க."

முதலில் உதறினார். ஒரு ஊசி விழுந்தது. மேசையில் தட்டினார். மணி நெளிந்தது. மேலே ஓடிப்போய்த் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்து குழாயை வைத்தார். அது ஒரு மணியை முழுசாக விழுங்கியது. பையைக் கிழித்து எடுக்க வேண்டியதாயிற்று. மாமா தும்மினார்.

கீழ்வீட்டுக்காரரிடம் காந்தக் கோல் இருந்தது. சிந்திய ஊசிகளை அதால்தான் அள்ளுவார். அதை மணியின் வெட்டில் வைத்தார். உள்ளே இருந்த இரும்பு உருண்டை பாய்ந்து வந்து வெட்டை அடைத்துக்கொண்டது. ஊசிகள் அதற்குப் பின்னால் குவிந்தன. வாசலை மறித்து நிற்கிற தடியன் மாதிரி. எடுத்தார். வைத்தார். மூன்று தரம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசியில் மெல்லிய குறடால் ஒவ்வொரு ஊசியாக இழுத்தோம். முக்கால் மணித்தியாலத்தில் நான்கு மணிகள் பேசின. நான் கணக்குப் பார்த்தேன். இப்படிப் போனால் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் வரும். பிறகு எல்லாவற்றையும் தோலில் தைக்க வேண்டும். ஞாயிறு மதியம் ரயில்.

மற்றப் பிள்ளையின் கால் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அழவில்லை. கேக்கையும் சாப்பிடவில்லை.

"அம்மாட்டச் சொல்லுவம்" என்றேன்.

மாமா நாயைப் பார்த்தார்.

"நீ போய்ச் சொல்லு" என்றார். "உனக்கு அடிக்க மாட்டா."

மேலே ஏறினேன். அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒளிக்கவில்லை. உருளை, கோது, ஊசி, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்தினார். அகப்பையைக் கழுவி வைத்தார்.

"கோதுகளோடயோ போட்டனீங்கள்?"

"ஓம்."

"அந்தக் கோதுகளோட?"

"ஓம் அம்மா. இப்ப நல்லா மினுங்குது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு திரும்பினார்.

"மேல கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அந்தத் தண்ணி பட்டதை என்ர குசினிக்குள்ள கொண்டு வராத."

குசினியில்தான் எங்கள் சாமித்தட்டு இருந்தது.

அம்மா ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மஞ்சள் போட்டுக் கலக்கினார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். எனக்கு ஆச்சரியம். அம்மா கெல்லருக்குள் வருவதே இல்லை. அரிசி எடுக்கவும் அப்பாவைத்தான் அனுப்புவார். சிலந்திக்குப் பயம் என்று நினைத்திருந்தேன்.

கடைசிப் படியில் நின்றார். மேசையில் துவாய் விரித்து, கோதுகள் காயக் கிடந்தன. மணிகள் பக்கத்தில் தனியாக.

கீழ்வீட்டுக்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். அம்மாவும் சொன்னார். கோதுகளைக் காட்டி, "அதை மூடுங்கோ" என்றார். ஜெர்மனில்தான் சொன்னார். ஒரு பிழையும் இல்லாமல்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு துவாயை எடுத்துக் கோதுகளின் மேல் விரித்தார். ஓரங்களையும் இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா உள்ளே வந்தார். அம்மாவுக்கு ஒழுங்கில்லாத மேசை பிடிக்காது. அதனால் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா உட்கார்ந்து ஒரு மணியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். காந்தக் கோலை வைத்துப் பார்த்தார். எடுத்தார். வெட்டில் வைக்காமல் மணியின் தலையில் வைத்தார். உருண்டை மேலே போய் ஒட்டியது. ஊசிகளும் கூடவே போய் ஒட்டின.

"இது பலம் கூட" என்றார். "பிள்ளை, பிரிட்ஜில பீட்சாக் கடைக் காந்தம் ஒண்டு இருக்கு. உன்ர பள்ளிக்கூட நேரசூசியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. கொண்டு ஓடி வா."

மூன்று மாடி ஏறி இறங்கினேன். ஒரு தாளைப் பிடிக்கவே திணறுகிற காந்தம். அம்மா அதை மணியின் தலையில் ஒட்டினார். டக் என்று உருண்டை மட்டும் மேலே போனது. வெட்டைக் கீழே பிடித்து உதறினார். ஊசிகள் கிண்ணத்தில் விழுந்தன. ஒன்று. இரண்டு. ஐந்து. காந்தத்தை எடுத்தார். ஆட்டினார்.

மணி பேசியது.

கீழ்வீட்டுக்காரர் கதிரையில் இருந்து பாதி எழுந்துவிட்டார். ஜெர்மனில் நீளமாக ஒன்று சொன்னார். முப்பது வருடம் உலோகத்தோடு வேலை செய்தும் தனக்கு இது தோன்றவில்லை என்றார். மாமா அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வெளிக்கிட்டார்.

"எனக்கு விளங்கினது" என்றார் அம்மா. "நீ இருந்து உதறு."

"அக்கா, நான் என்ன சொன்னனான் எண்டா, பித்தளை..."

"பித்தளை பித்தளைதானே எண்டு சொன்னனியாம். பிள்ளை சொன்னவள். அப்ப உன்ர மண்டையையும் உள்ள போட்டு ஓட விட்டிருக்கலாம். களிம்பாவது போயிருக்கும்."

கீழ்வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. மாமாவின் தலையையும் உருளையின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"போகாது" என்றார். "மூடி சிறிது."

நான்கு பேரும் வரிசையாக இருந்தோம். நான் மணியை எடுத்துக் கொடுப்பேன். அம்மா காந்தம் வைத்து உதறுவார். பிடிவாதமான ஊசி குறுக்கே நின்றால் கீழ்வீட்டுக்காரர் குறடால் திருப்புவார். மாமா காதில் வைத்துப் பரிசோதிப்பார். பேசுகிற மணி மஞ்சள் தண்ணீருக்குள் போகும். பேசாதது மறுபடி அம்மாவிடம் வரும். அம்மா வேகமாகச் செய்தார். பேச்சில்லை. ஒருதரம் மட்டும் கீழ்வீட்டுக்காரரிடம் "அடுத்தது" என்றார். அவர் "ஓம்" என்றார். எங்களிடம் கற்றுக்கொண்ட சொல்.

நாலரை மணிக்கு முடிந்தது. தொண்ணூற்று மூன்றில் தொண்ணூற்றொன்று பேசின. இரண்டு பேசவில்லை. மாமா தட்டி நெளித்தது ஒன்று. மற்றதில் ஊசி இறுகிவிட்டது.

"உள்பக்கமாத் தைச்சு விடுறன்" என்றார் அம்மா. "தொண்ணூற்றெட்டு சத்தம் போட்டாக் காணும்."

மணிகளை மஞ்சள் தண்ணீரில் இருந்து எடுத்துப் புதுத் துணியில் முடிந்துகொண்டு மேலே போனார். போகும்போது கீழ்வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னார். கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்து விடுவேன் என்றும் சொன்னார். துவாய் மூடியிருந்த பக்கம் பார்க்கவில்லை.

நான் கொஞ்சம் பிந்தித்தான் போனேன். கீழ்வீட்டுக்காரர் துவாயை எடுத்தார். நடந்த குழப்பத்தில் ஏதாவது தொலைந்ததா என்று பார்க்க வேண்டும், எண்ணித் தருவாயா என்று கேட்டார். பத்துப் பத்தாக அடுக்கினேன். சுத்தமான கோது எண்ணுவதற்கு நல்லது. கையில் வழுக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர் தன் கணக்குக் கொப்பியைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் கேக்கைச் சாப்பிட்டேன்.

அம்மா அன்று பின்னேரம் முழுக்கத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பின்னால் என் காலில் கட்டினார். நான் எழுந்து நின்றேன். இடது காலைத் தட்டினேன். வலது காலைத் தட்டினேன். ஆசிரியை திரும்பிப் பார்த்தார்.

"புதுசோ?"

"இல்லை" என்றார் அம்மா. "கழுவினது."

"எதால கழுவினீங்கள்?"

"புளிப்பாலதான்."

பொய் இல்லை.

ஆடினேன். முதல் அடியே மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். ஒரு இடத்திலும் தாளம் தவறவில்லை. மற்றப் பிள்ளை ஓரத்தில் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாத இரண்டு மணிகளை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மாமா எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். சலங்கையைத் துலக்கியது தான்தான் என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னாராம்.

திரும்பி ஹம்முக்கு வருகிற ரயிலில் மாமா தூங்கிவிட்டார். நான் ஒப்பனை கலைக்கவில்லை. எதிரில் இருந்த சின்னப் பிள்ளை என் கண் மையையே பார்த்தது. சலங்கை துணியில் சுற்றி என் மடியில் இருந்தது. தண்டவாளம் மாறுகிற இடங்களில் மெல்லச் சத்தம் போட்டது.

எனக்கு அம்மாவிடம் சொல்ல இன்னொன்று இருந்தது.

"அம்மா, நேற்று நீங்கள் மேல போனாப் பிறகு நான் கோது எண்ணினனான். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒண்டும் பிழைக்கேல்லை."

"ம்."

"அவ்வளவும் நான் தனிய."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்கள் ஓடின. காற்றாலை ஒன்று சுற்றாமல் நின்றது.

"நானும் எண்ணினனான்" என்றார். "உன்ர வயசில."

"எங்க?"

"ஊரில, எங்கட வளவுக்குள்ள. விடியக் காலமை. வீட்டைச் சுத்தி."

அங்கேயும் ஒரு கீழ்வீட்டுக்காரர் இருந்திருப்பார் என்று நினைத்தேன்.

"ஆர் கழுவினது?"

"ஒருத்தரும் கழுவேல்லை. நான் பொறுக்கேக்க சிலது சூடா இருந்தது."

"எத்தினை?"

அம்மா யோசிக்கவில்லை. வீட்டு இலக்கத்தைக் கேட்டால் சொல்வது போல உடனே சொன்னார். நான் மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். என்னுடையது கூட. நல்லாவே கூட. அம்மாவை வென்றுவிட்டேன் என்று சந்தோஷமாக அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

என்னுடையது முந்நூற்றுப் பன்னிரண்டு.

அம்மாவுடையது நூற்று நாற்பத்தொன்று.